‘நோ சிக்னல்’ என்கிறது சுவர்

கல்லூரிகளும் கம்பெனிகளும் கழித்துக்கட்டிய ப்ரொஜெக்டர்கள் இப்போது சல்லிசாகக் கிடைக்கின்றன. சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்; பழைய பொருள் ஏலத்திலும் வரும். ஒரு காலத்தில் மீட்டிங் ஹாலின் கூரையில் தொங்கிக்கொண்டு விற்பனைக் கணக்கைச் சுவரில் காட்டியவை. லாம்ப் நன்றாக இருந்தால் வீட்டுச் சுவரில் எட்டடி அகலத்துக்குப் படம் விழும். அந்தக் காசுக்கு அந்த அகலத்தில் எந்த டிவியும் வராது. ஆகவே ஆசைப்பட்டு வாங்குவதில் தப்பே இல்லை. என்ன, வீட்டுக்கு வந்த பிறகுதான் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். மூன்று வரிசையில் பதினைந்து ஓட்டை உள்ள நீல நிற விஜிஏ, மஞ்சள் வளையம் போட்ட வீடியோ துளை, வட்டமான எஸ்-வீடியோ. எச்டிஎம்ஐ இருக்காது. வீட்டில் இருக்கும் ப்ளேஸ்டேஷன் 4-இலோ படம் வெளியே வர எச்டிஎம்ஐயைத் தவிர வேறு வழியே கிடையாது.

என் அக்கா மகன் இந்த நிலையில்தான் வந்து உட்கார்ந்தான். அவனிடம் ப்ளேஸ்டேஷனும் உண்டு, படம் பார்ப்பதற்கென்றே டிவி மேஜைக்கடியில் ஒதுக்கி வைத்த ஒரு பழைய டெஸ்க்டாப்பும் உண்டு. இரண்டையும் ப்ரொஜெக்டரில் காட்ட வேண்டும்.

“மாமா, கேபிள் வாங்கி மாட்டிட்டேன். என்ன பண்ணாலும் ‘நோ சிக்னல்’னே வருது.”

பையிலிருந்து எடுத்துக் காட்டினான். ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் விஜிஏ, நடுவில் வெறும் கம்பி. டீ வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். இரண்டாவது டீயும் ஆறிப்போனது. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

அந்தக் கேபிளை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். அதில் படம் வராது. ஏன் என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

விஜிஏ 1987-இல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினியோடு கொண்டுவந்த ஏற்பாடு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஆளுக்கொரு கம்பி. அந்தக் கம்பியில் 0.7 வோல்ட்டுக்குள் மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அழுத்தம் கூடினால் அந்த இடத்தில் அந்த நிறம் பளிச்சென்று இருக்கும், குறைந்தால் மங்கும். ஒரு வரி முடிந்தது, ஒரு முழுப்படம் முடிந்தது என்று தெரிவிக்க இன்னும் இரண்டு கம்பிகள். படக்குழாய் மானிட்டருக்காகப் பிறந்தது. அதனால்தான் இத்தனை எளிமை. 2002 கடைசியில் வந்த எச்டிஎம்ஐயில் ஓடுவது மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கம் அல்ல, எண்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு சிவப்பு, எவ்வளவு பச்சை, எவ்வளவு நீலம் என்று எண்ணாகவே போகும். எண்ணை மின்னழுத்தமாக மாற்ற ஒரு சிப் வேண்டும், அந்தச் சிப்புக்குக் கரன்ட் வேண்டும். வெறும் கம்பியில் இரண்டும் எங்கே இருக்கும்?

கடையில் கேட்க வேண்டியது ‘எச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வெர்ட்டர்’. திசையை அழுத்திச் சொல்லுங்கள். ‘விஜிஏ டு எச்டிஎம்ஐ’ என்று இன்னொன்று ஏறக்குறைய அதே உருவத்தில் விற்கிறது. அது பழைய லேப்டாப்பைப் புது டிவியில் காட்டுவதற்கு. நமக்கு உதவாது. கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் சின்ன யுஎஸ்பி துளையும், ஹெட்போன் மாட்டும் 3.5 எம்எம் துளையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டாவது சத்தத்துக்கு; அதைப் பற்றிப் பிறகு. முதலாவது கரன்ட்டுக்கு. எச்டிஎம்ஐயின் 18-ஆம் முனையில் 5 வோல்ட் வரும்தான், ஆனால் 55 மில்லி ஆம்பியர் கொடுத்தால் போதும் என்பதுதான் விதி. பசி அதிகமுள்ள கன்வெர்ட்டருக்கு அது காணாது. ஐந்து நிமிடம் படம் வந்து, பிறகு மினுக்கி மினுக்கி அணைந்தால் பெரும்பாலும் இந்தக் கோளாறுதான். செல்போன் சார்ஜரிலிருந்து தனியாகக் கரன்ட் கொடுத்துவிட்டால் தீரும்.

உங்கள் ப்ரொஜெக்டரில் வெள்ளை நிறத்தில் அகலமான டிவிஐ துளை இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். டிவிஐயும் எச்டிஎம்ஐயும் பார்க்க வேறு, உள்ளே ஓடும் படம் ஒரே சமாச்சாரம். 1999-இல் வந்த டிவிஐயின் மேல் கட்டப்பட்டதுதான் எச்டிஎம்ஐ. அங்கே வெறும் கேபிள், சிப் இல்லாத இணைப்பான், எதுவானாலும் வேலை செய்யும். ஆக, துளையின் உருவத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. பொருந்துகிற முனையெல்லாம் பேசுகிற முனை அல்ல. பொருந்தாத முனைக்குள்ளும் ஒரே சங்கதி ஓடிக்கொண்டிருக்கலாம்.

சரி, கன்வெர்ட்டர் வந்துவிட்டது. மாட்டினால் மறுபடியும் இருட்டு. இப்போதுதான் விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம்.

கணினியோ கேம் பெட்டியோ ஒரு திரையோடு சேரும்போது முதலில் நடப்பது ஜாதகப் பரிமாற்றம். திரை தன் ஜாதகத்தை நீட்டும்: நான் இன்ன கம்பெனி, எனக்கு இந்த இந்த அளவுகள் ஒத்துக்கொள்ளும், இதுதான் என் சொந்த அளவு, சத்தம் வாங்குவேன் அல்லது வாங்க மாட்டேன். ஈடிஐடி என்று பெயர். அடிப்படைக் கட்டு மொத்தமே 128 பைட்டுதான். அதைப் படித்துவிட்டுத்தான் மறுபக்கம் எந்த அளவில் படம் அனுப்புவது என்று தீர்மானிக்கும். விஜிஏயில் இந்தத் தகவல் 12, 15-ஆம் முனைகள் வழியே போகிறது. மலிவான நீளக் கேபிள்கள் சிலவற்றில் அந்த முனைகளுக்குக் கம்பியே இழுத்திருக்க மாட்டார்கள். படம் போகும், ஜாதகம் போகாது. அப்போது கணினி ஒரு குத்துமதிப்பில் ஏதோ ஓர் அளவை அனுப்பும். அல்லது பேசாமல் இருக்கும்.

ப்ளேஸ்டேஷன் விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரி. 2007 வாக்கில் ஆபீசுக்கென்று செய்த ப்ரொஜெக்டரின் ஜாதகத்தில் 800 × 600, 1024 × 768 என்று கணினி அளவுகள்தான் எழுதியிருக்கும். டிவி அளவுகளான 720 பி, 1080 பி இருக்காது. ப்ளேஸ்டேஷனுக்குத் தெரிந்ததோ டிவி அளவுகள் மட்டும். இரண்டும் ஒத்துப்போகாமல் இருட்டில் முடியும். சில கன்வெர்ட்டர்கள் தாமாகவே ஒரு டிவி ஜாதகத்தை நீட்டிக் கல்யாணத்தை முடித்துவைக்கும். அப்படி நடக்காவிட்டால் ப்ளேஸ்டேஷன் 4-ஐ முழுக்க அணைத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது ‘பீப்’ கேட்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். ஏழு நொடி போல ஆகும். சேஃப் மோட் திறக்கும். கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் மாட்ட வேண்டும், வயர்லெஸ்ஸில் கேட்காது. அங்கே இரண்டாவது வரி ‘சேஞ்ச் ரெசல்யூஷன்’. ப்ளேஸ்டேஷனை முதலில் ஒரு சாதாரண டிவியில் மாட்டி இதைச் செய்துவிட்டு, 720 பி என்று கையாலேயே நிர்ணயித்துக்கொண்டு ப்ரொஜெக்டருக்குக் கொண்டுவருவது எளிது.

“ஏன் மாமா 720? 1080 வெச்சா இன்னும் க்ளியரா இருக்காதா?”

இருக்காது. ப்ரொஜெக்டரின் கையேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்லி அவனிடம் கொடுத்தேன். (கையேடு தொலைந்திருந்தாலும் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும். முன்பக்கத்தில் ‘ஈரமான கையால் தொடாதீர்கள்’ முதலிய அறிவுரைகள், சங்கதியெல்லாம் பின்பக்கத்தில்தான்.) அங்கே ஒரு அட்டவணை இருக்கும். ஒவ்வொரு அளவுக்கும் எதிரே கிலோஹெர்ட்ஸில் ஒரு எண். ஒரு நொடிக்கு எத்தனை ஆயிரம் வரி வரைய வேண்டும் என்ற கணக்கு அது. 480 பிக்கு 31.5. 720 பிக்கு 45. 1024 × 768-க்கு 48.4. நொடிக்கு 60 படம் காட்டும் 1080 பிக்கு 67.5. ப்ரொஜெக்டரின் சொந்த அளவு 1024 × 768 என்றால், 48 கிலோஹெர்ட்ஸ் அதற்கு அன்றாட வேலை. 45 அதைவிடக் கம்மி. ஆகவே 720 பி பெரும்பாலும் தாங்கும். 1080 பியைச் சில பெட்டிகள் மறுத்துவிடும். மறுக்காத பெட்டிகளும் அத்தனை புள்ளிகளையும் சுருக்கித்தான் தம் பலகத்தில் காட்ட வேண்டும். இல்லாத புள்ளியை எந்தக் கேபிளும் கொண்டுவராது. சுருக்கும்போது கேமில் வரும் சின்ன எழுத்தெல்லாம் கொசகொசவென்று ஆகும் என்பதுதான் மிச்சம்.

இன்னொரு கணக்கும் பார்த்துவிடுவோம். ஆபீஸ் ப்ரொஜெக்டரின் பலகம் 4:3. பழைய டிவி போலச் சதுரத்துக்கு நெருக்கமான உருவம். கேமும் இப்போதைய வீடியோவும் 16:9. 1024 அகலத்தில் 16:9 படம் வைத்தால் உயரம் 576 வரிதான் வரும். மேலே 96, கீழே 96 வரி கறுப்பாகக் கிடக்கும். பலகத்தில் சரியாக முக்கால் பங்குதான் உழைக்கிறது. மெனுவில் ‘ஆஸ்பெக்ட்’ என்பதை 16:9-க்கு மாற்றாமல் விட்டால் அந்தக் கறுப்பும் இல்லாமல் படம் முழுச் சுவரையும் நிரப்பும். ஆனால் ஆட்டக்காரர்கள் எல்லாரும் இழுத்துவிட்டது போல நெட்டையாக ஓடுவார்கள். பலர் இதைக் கண்டுகொள்ளாமலே மாதக்கணக்கில் பார்க்கிறார்கள் என்பது தனி ஆச்சரியம்.

சினிமாஸ்கோப் படத்துக்கு இன்னும் ஒல்லி: 428 வரி. இந்தக் கறுப்புப் பட்டையை நான் நஷ்டமாக நினைப்பதில்லை. கோடி என்ற மென்பொருளில் சப்டைட்டிலைப் படத்துக்குக் கீழே, கறுப்பில் இறக்கிவிடலாம். மலையாளப் படம், கொரியப் படம் பார்க்கும்போது நடிகரின் முகவாயில் எழுத்து ஓடாது. அகலத் திரை வைத்திருப்பவர்களுக்கு இல்லாத வசதி.

கோடியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு துண்டுச் செய்தி. அது முதலில் எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில், மைக்ரோசாஃப்ட்டின் முதல் எக்ஸ்பாக்ஸுக்காக ஆர்வலர்கள் எழுதியது. பெயரின் முன்பாதி எக்ஸ்பாக்ஸ், பின்பாதி மீடியா சென்டர். 2014-இல்தான் கோடி ஆனது. கேம் பெட்டியையும் படம் காட்டும் கணினியையும் ஒன்றாக்கும் ஆசையில் பிறந்தது, கடைசியில் கேம் பெட்டியை விட்டு வெளியேறி எல்லாக் கணினியிலும் குடியேறியது.

கணினியின் பக்கம் வேலை சுலபம், ஏனென்றால் கணினி எந்த அளவையும் கொடுக்கும். ப்ளேஸ்டேஷனுக்குத்தான் டிவி அளவு மட்டும் தெரியும்; கணினியில் 1024 × 768, 60 ஹெர்ட்ஸ் என்று ப்ரொஜெக்டரின் சொந்த அளவையே வைத்துவிடலாம். வைத்தபின் ப்ரொஜெக்டர் ரிமோட்டில் ‘ஆட்டோ’ பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். விஜிஏயில் புள்ளிகள் எங்கே தொடங்குகின்றன என்று ப்ரொஜெக்டர் ஊகித்துத்தான் எடுக்கிறது. அந்த ஊகம் அரைப்புள்ளி தள்ளினால் எழுத்தின் ஓரம் நடுங்கும். ஆட்டோவில் சரியாகவில்லையென்றால் மெனுவில் ‘ட்ராக்கிங்’, ‘சிங்க்’ அல்லது ‘ஃபேஸ்’ என்று இருக்கும் இரண்டையும் கையால் நகர்த்திப் பாருங்கள். திரை முழுக்கச் சின்ன எழுத்துள்ள பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு நகர்த்தினால் சட்டென்று தெரியும். செங்குத்தான மங்கல் பட்டைகள் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசிப் பட்டையும் மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

பழைய கணினியென்றால் விஜிஏ துளை அதிலேயே இருக்கும். 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங் மற்றும் எல்ஜியின் திரைப் பிரிவுகள் எல்லாம் சேர்ந்து, 2015-க்குள் விஜிஏயைக் கைவிடப்போவதாக அறிவித்தன. அதன்படி 2015-இல் வந்த ஸ்கைலேக் தலைமுறையோடு இன்டெல் தன் ப்ராசஸர் வழியிலிருந்து விஜிஏயை எடுத்தேவிட்டது. அதற்குப் பிந்தைய போர்டில் விஜிஏ துளை தெரிந்தால், உள்ளே ஒரு கன்வெர்ட்டர் சிப் ஒளிந்திருக்கிறது என்று பொருள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் டிவிஐ துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ஓரத்தில் தட்டையான பிளவு இருக்கும். அந்தப் பிளவைச் சுற்றி நான்கு சின்ன ஓட்டைகள் இருந்தால் அது டிவிஐ-ஐ. விஜிஏ மின்னழுத்தம் அந்த நான்கில் வருகிறது, சல்லிசான இணைப்பான் போதும். நான்கும் இல்லாமல் பிளவு மட்டும் இருந்தால் டிவிஐ-டி; எண்கள் மட்டும்தான், கன்வெர்ட்டர் வேண்டும். என்விடியாவின் 2016-ஆம் வருட ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து அந்த நான்கு ஓட்டைகளும் போய்விட்டன.

அடுத்தது பூட்டு. எச்டிசிபி என்பார்கள். எச்டிஎம்ஐயில் போகும் எண்களை யாரும் வழியில் பிடித்துப் பதிவு செய்துவிடக்கூடாது என்று இன்டெல் உருவாக்கிய ஏற்பாடு. திரையிடம் சாவி இருந்தால்தான் படம் காட்டும். ஆரம்பகால டிவிஐ ப்ரொஜெக்டர்கள் பலவற்றில் சாவி கிடையாது. கன்வெர்ட்டர்களிலும் இருப்பதுண்டு, இல்லாததும் உண்டு. ப்ளேஸ்டேஷன் 4 விற்பனைக்கு வந்த 2013-இல் கேமுக்கும் சேர்த்தே இந்தப் பூட்டு விழுந்தது; 2014-இல் வந்த ஒரு அப்டேட்டில் கேமுக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். செட்டிங்ஸில் சிஸ்டம் என்பதற்குள் ‘எனேபிள் எச்டிசிபி’ என்று ஒரு டிக் இருக்கும். எடுத்துவிட்டால் கேம் விளையாடலாம். படம் பார்க்கும் செயலிகள் அப்போது ஓடாது, டிக்கை மறுபடி போடச் சொல்லும். கேமுக்கு ப்ளேஸ்டேஷன், படத்துக்குக் கணினி என்று பிரித்துக்கொண்டால் இது தொந்தரவே இல்லை. கணினியிலும் ஓடிடி செயலிகள் சில, பூட்டில்லாத வழியைக் கண்டால் தரத்தைக் குறைத்துக் கொடுக்கும். சில அடியோடு மறுக்கும். 576 வரி காட்டும் பெட்டியில் தரம் ஒரு படி குறைந்தால் குடிமுழுகிப் போகாது.

ப்ளூரே தட்டு சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 2010-க்குப் பிறகு தயாரான ப்ளேயர்கள், பூட்டுப் போட்ட தட்டை மின்னழுத்தக் கம்பிகளில் பழைய டிவி தரத்தில்தான் அனுப்ப வேண்டும், 2013-க்குப் பிறகு தயாரானவை அனுப்பவே கூடாது என்று உரிம விதி இருக்கிறது. கேபிள் சரியில்லையோ என்று மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

வீட்டில் இருப்பது பழைய கேம் பெட்டி என்றால் சந்தோஷப்படுங்கள். எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மைக்ரோசாஃப்ட்டே விஜிஏ கேபிள் விற்றது. அதன் மெனுவில் 1024 × 768 என்றே ஒரு வரி உண்டு. கன்வெர்ட்டர், ஜாதகம், பூட்டு எதுவும் இல்லை. பழைய ஆபீஸ் ப்ரொஜெக்டருக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது என்பது என் கட்சி. ப்ளேஸ்டேஷன் 2, 3, நின்டென்டோ வீ இவற்றில் பச்சை, நீலம், சிவப்பு முனைகள் கொண்ட காம்பொனென்ட் கேபிள் வரும். நிறத்தைப் பார்த்து அதையும் விஜிஏயின் மூன்று நிறக் கம்பியையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. காம்பொனென்ட்டில் பச்சை முனையில் போவது வெளிச்சத்தின் அளவு. மற்ற இரண்டில் போவது நிற வித்தியாசம். பல ப்ரொஜெக்டர்களின் விஜிஏ துளை இதையும் வாங்கிக்கொள்ளும். அதற்கென்று மூன்று முனையிலிருந்து விஜிஏவுக்கு மாறும் கேபிள் விற்கிறது. மாட்டியதும் முகமெல்லாம் பச்சையும் ஊதாவுமாகத் தெரிந்தால் கேபிள் கெடவில்லை. மெனுவில் சிக்னல் வகையை ஆர்ஜிபியிலிருந்து காம்பொனென்ட்டுக்கு மாற்றச் சொல்கிறது, அவ்வளவே. மஞ்சள் ஒற்றை முனையைக் கடைசிப் புகலிடமாக வைத்துக்கொள்ளுங்கள். படம் வரும். கேமில் ஸ்கோர் என்ன என்று படிக்க எழுந்து போக வேண்டும்.

பெட்டி இரண்டு, ப்ரொஜெக்டரில் வழி ஒன்று. இதற்குக் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுவது நல்லதல்ல. விஜிஏ முனையின் ஊசிகள் வளைந்துபோகும். ஒரு எச்டிஎம்ஐ ஸ்விட்ச் வாங்கி, ப்ளேஸ்டேஷனையும் கணினியையும் அதில் கொடுத்து, அதிலிருந்து ஒரே கன்வெர்ட்டர், அதிலிருந்து ஒரே நீள விஜிஏ கேபிள் என்று இழுத்துவிடுவதே சுத்தமான வழி. கணினியில் விஜிஏ இருந்து, ப்ரொஜெக்டரில் விஜிஏ துளை இரண்டு இருந்தால் அதுகூடத் தேவையில்லை. ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு ரிமோட்டில் ‘சோர்ஸ்’ மாற்றிக்கொள்ளலாம். ஸ்விட்ச் என்றால் வாங்கியவுடனே கணினியில் அளவை நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கணினி ஜாதகத்தைப் புதிதாகக் கேட்டு, விண்டோக்களையெல்லாம் ஒரு மூலையில் குவித்துவைக்கும் பழக்கம் உள்ளது.

“சரி மாமா, படம் வந்துடும். சத்தம்?”

நல்ல கேள்வி. விஜிஏயில் சத்தத்துக்குக் கம்பியே கிடையாது. ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் மீட்டிங்கில் ‘டிங்’ என்று மணியடிக்கத்தான் லாயக்கு, அதை மறந்துவிடுங்கள். கணினியின் சத்தம் பின்பக்கப் பச்சைத் துளையிலிருந்து நேரே ஹோம் தியேட்டருக்குப் போகட்டும். விண்டோஸில் சத்தம் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். எச்டிஎம்ஐ என்று இருந்தால் ஸ்பீக்கர் என்று மாற்றுங்கள். ப்ளேஸ்டேஷனின் சத்தம் கன்வெர்ட்டரின் 3.5 எம்எம் துளையில் வரும். அங்கே வராமல் அடம்பிடித்தால் காரணம் பழையபடி ஜாதகம்தான்: ‘சத்தம் வாங்க மாட்டேன்’ என்று எழுதியிருக்கிறது, ப்ளேஸ்டேஷன் மரியாதையாக அனுப்பாமல் இருக்கிறது. முதல் மாடல் ப்ளேஸ்டேஷன் 4-இலும் ப்ரோவிலும் ஆப்டிகல் துளை உண்டு. அதை ஹோம் தியேட்டரில் மாட்டி, செட்டிங்ஸில் சத்தத்தை ஆப்டிகலுக்கு மாற்றிவிடலாம். ஸ்லிம் மாடலில் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள். ஸ்லிம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி: கன்ட்ரோலரின் அடியில் ஹெட்போன் துளை இருக்கிறதல்லவா, சத்தம் முழுவதையும் அங்கே அனுப்பலாம். இரவில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு அதுவே மேல் என்று வீட்டில் சொல்வார்கள்.

உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று படம் ஓடினால் ப்ரொஜெக்டர் படத்தைச் சுருக்கவும் நிமிர்த்தவும் நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பொருள், சத்தம் முந்திவிடுகிறது. கோடியில் சத்தத்தைத் தாமதப்படுத்த வசதி இருக்கிறது, 25 மில்லி செகண்ட் படிகளாகத் தள்ளிப் பாருங்கள். கேமில் இந்த வைத்தியம் பலிக்காது. பந்து சுவரில் தெரிவதற்கு முன்பே உள்ளே பேட்டைத் தாண்டியிருக்கும். கிரிக்கெட் கேமில் ஒவ்வொரு ஷாட்டும் லேட். அதனால் ப்ரொஜெக்டருக்கு வேலையைக் குறைத்துக் கொடுங்கள். மெனுவில் இரைச்சல் நீக்கம் அது இது என்று அழகுபடுத்தும் வேலைகளை அணைத்துவிடுங்கள். கீஸ்டோன் என்ற நிமிர்த்தும் வேலையைக் கூடுமானவரை பூஜ்யத்தில் வைத்து, ப்ரொஜெக்டரையே சுவருக்கு நேராக நிறுத்துங்கள். கீஸ்டோன் இருக்கும் புள்ளிகளிலும் கொஞ்சத்தைத் தின்னும். நமக்கு இருப்பதே 576 வரி.

இருட்டுக் காட்சியெல்லாம் சாம்பல் பூத்தது போலவோ, அல்லது நிழலில் நிற்கிறவரே தெரியாமலோ இருந்தால் அது லாம்பின் குற்றமல்ல. டிவிக்காரர்கள் கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் எண்ணுகிறார்கள். கணினிக்காரர்கள் 0 முதல் 255 வரை. அனுப்புகிறவர் ஒரு கணக்கு, வாங்குகிறவர் ஒரு கணக்கு என்றால் இப்படித்தான் ஆகும். ப்ளேஸ்டேஷனில் ‘ஆர்ஜிபி ரேஞ்ச்’ என்பதை லிமிடெட், ஃபுல் என்று மாற்றி எது கண்ணுக்குச் சரியோ அதில் விட்டுவிடுங்கள்.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் இதற்குமுன் சொன்னது எதிலும் பொருள் நஷ்டம் வராது, இதில் வரும். எர்த். நம் வீடுகளில் கணினியை இரண்டு முனை எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டியிருப்போம். மூன்று முனையாக இருந்தாலும் சுவருக்குள் எர்த் கம்பி போயிருக்காது. கணினியின் சிபியு பெட்டியில் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும், வெறுங்காலோடு தொட்டால் சுள்ளென்று இருக்கும். எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கப்பாசிட்டர்கள் இரண்டு உடம்புத் தகட்டோடு இணைந்திருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் தகடு 230-இல் பாதி அழுத்தத்தில் மிதக்கும். ஓடும் கரன்ட் மிகக் கொஞ்சம்தான், ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ முனையைச் செருகும் நொடியில், அந்த அழுத்தம் ப்ளேஸ்டேஷனின் அல்லது கன்வெர்ட்டரின் ஊசிகள் வழியே இறங்க இடம் தேடும். துளை செத்துப்போவது பெரும்பாலும் இப்படித்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ப்ளேஸ்டேஷன், கணினி, ஆம்ப்ளிஃபயர், ப்ரொஜெக்டர் நான்குக்கும் ஒரே போர்டிலிருந்து கரன்ட் கொடுங்கள். எல்லாக் கேபிளையும் மாட்டிவிட்டுப் பிறகு ஸ்விட்சைப் போடுங்கள்.

படத்தின் குறுக்கே ஒரு மங்கல் பட்டை நகர்ந்துகொண்டே இருந்தாலும், ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று முனகல் கேட்டாலும் இதே எர்த் சமாச்சாரத்தின் இன்னொரு முகம். ஆம்ப்ளிஃபயர் ஓர் அறைப் போர்டிலும் ப்ரொஜெக்டர் வேறோர் அறைப் போர்டிலும் இருந்தால், இரண்டு எர்த்துக்கும் நடுவே உள்ள சின்ன வித்தியாசம் விஜிஏ கேபிளின் உறை வழியே ஓடும். ஒரே போர்டுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்கவில்லையென்றால் கேபிள் டிவி கம்பியைச் செட்டாப் பெட்டியிலிருந்து கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் குற்றவாளி அதுதான்.

கடைசியாக லாம்ப். இந்தப் பெட்டிகளில் இருப்பது பாதரச ஆவி விளக்கு, ஆயுள் சில ஆயிரம் மணி நேரம். எத்தனை மணி ஓடியது என்று மெனுவில் இருக்கும். அதை விற்பவர் பூஜ்யமாக்கிவிடவும் முடியும், ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் வெள்ளைப் பக்கம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஓரத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ திட்டுத் தெரிந்தால் எல்சிடி பலகத்துக்கு வயதாகிவிட்டது. கறுப்புப் பக்கத்தில் அணையாத வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், டிஎல்பி சிப்பின் கண்ணாடித் துணுக்குகள் சிக்கிக்கொண்டிருக்கின்றன. அது இன்னும் பெருகும், வாங்காதீர்கள். விளையாடி முடித்ததும் ரிமோட்டில் அணைத்து, ஃபேன் தானாக நிற்கும்வரை மெயின் ஸ்விட்சைத் தொடக்கூடாது. அடிக்கடி கரன்ட் போகும் ஊர் என்றால் ப்ரொஜெக்டருக்கு ஒரு யுபிஎஸ் கட்டாயம். நீங்கள் விளையாடுவதற்கல்ல, விளக்கு ஆறும்வரை ஃபேன் சுற்றுவதற்கு. பேரம் பேசும் முன்பே அந்த மாடலுக்கு லாம்ப் கிடைக்கிறதா, என்ன விலை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சில மாடல்களுக்கு லாம்ப் விலை, அவர்கள் சொல்லும் ப்ரொஜெக்டர் விலையைத் தாண்டிவிடும். அப்படியிருந்தால் பக்கத்துக் கடைக்கு நடையைக் கட்டுங்கள்.